பளபளக்கும் கார்... இரைக்கும் மூச்சு!

“ராத்திரி ரெண்டு மணியானா போதும் டாக்டர், அலாரம் வெச்ச மாதிரி இருமல் ஆரம்பிச்சுடும். விடியற வரைக்கும் உட்கார்ந்தேதான் இருப்பார். பிள்ளைங்களும் தூங்கறதில்லே, நானும் தூங்கறதில்லே...”

கணவரை அழைத்து வந்த அந்தப் பெண்மணி பொரிந்து தள்ள, அவரோ குற்றம் செய்தவர் மாதிரி தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். வயது 34. பீடி, சிகரெட் கிடையாது. குடும்பத்தில் யாருக்கும் ஆஸ்துமா இல்லை. “என்ன வேலை பார்க்கிறீங்க?” என்றேன். “பெயின்டர் சார்” என்றார்.

வீட்டுச் சுவருக்கு வெள்ளை அடிப்பவர் என்று நானாகவே முடிவு கட்டிவிட்டேன். நாடி பார்த்தேன், நாக்கைப் பார்த்தேன். ஐயம் மிஞ்சி நிற்கிறது என்று தாளிசாதி சூரணத்தைத் தேனில் குழைத்துச் சாப்பிடச் சொன்னேன். ஆடாதோடைக் குடிநீரும் எழுதிக் கொடுத்தேன். பத்து நாள் சுமாராக இருந்தது. பிறகு பழைய கதைதான்!

இரண்டாவது முறை வந்தபோது அந்த அம்மாள் சொன்ன ஒரு வார்த்தைதான் என் கண்ணைத் திறந்தது.

“கோயில் கொடைக்கு ஊருக்குப் போயிருந்தோம் டாக்டர். அஞ்சு நாளும் ஒரு இருமல் இல்லே. திரும்பி வந்து வேலைக்குப் போனார் பாருங்க, அன்னிக்கு ராத்திரியே ஆரம்பிச்சுடுச்சு!”

நிமிர்ந்து உட்கார்ந்தேன். “எந்த பெயின்ட் அடிக்கிறீங்க?”

“கார் பெயின்ட் சார். டிங்கரிங் ஷெட்ல கிளியர் அடிக்கிறது நான்தான்.”

1700-ம் ஆண்டிலேயே இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி தொழில் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு ‘என்ன தொழில்?’ என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்று மருத்துவர்களுக்கு அவர் சொல்லி வைத்தார். நானும் கேட்டேன், பதிலை முழுசாகக் கேட்கவில்லை. தப்பு என்னுடையதுதான்.

அது என்ன கிளியர்?

உங்கள் காரைத் தொட்டுப் பாருங்கள். கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருக்கிறதல்லவா? அந்தப் பளபளப்பு நிறத்தினால் வருவதல்ல. நிறத்தின் மேல் பூசிய, நிறமே இல்லாத ஒரு மெல்லிய படலத்தினால் வருவது. அதற்குத்தான் கிளியர் கோட் என்று பெயர். வெயிலும் மழையும் நிறத்தைத் தின்றுவிடாமல் காப்பதும் அதுதான்.

ஷெட்டுகளில் பெரும்பாலும் இது இரண்டு டின்களாக வரும். ஒன்று கிளியர், இன்னொன்று ஹார்டனர். இரண்டையும் அளவாகக் கலந்து, தேவைக்குத் தின்னர் சேர்த்து, ஸ்பிரே கன்னில் ஊற்றி அடிப்பார்கள். சுவர் பெயின்ட் மாதிரி இது சும்மா உலர்வதில்லை. இரண்டும் ஒன்றோடொன்று ரசாயன ரீதியாகப் பிணைந்து இறுகுகின்றன. இந்த இறுக்கத்தைக் கொடுப்பது ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் என்ற சரக்கு.

பெயரைக் கேட்டதும் 1984 டிசம்பரில் நடந்த போபால் விபத்து ஞாபகத்துக்கு வருகிறதா? அங்கே கசிந்தது மீதைல் ஐசோசயனேட். கார் ஹார்டனரில் இருப்பது அதுவல்ல. அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொன்று. அதைப்போல இது சுலபத்தில் ஆவியாகி ஊரைச் சூழ்ந்துவிடாது. ஆனால் கன்னிலிருந்து பனிமூட்டம் மாதிரி நுண்துளிகளாகச் சீறி வரும்போது, பக்கத்தில் நிற்பவரின் மூச்சோடு நேராக நுரையீரலுக்குள் போய்விடுகிறது.

போனால் என்ன ஆகும்? எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆகாது. சிலருக்குக் கண் எரியும், தொண்டை கரகரக்கும், அதோடு போகும். சிலருடைய உடம்போ அதை எதிரியாக முத்திரை குத்தி வைத்துக்கொள்ளும். அதற்குச் சில மாதங்கள் ஆகலாம், சில வருஷங்களும் ஆகலாம். அப்படி முத்திரை விழுந்த பிறகு துளியளவு பட்டாலே மூச்சுக்குழல் சுருங்கிவிடும். இருமல், நெஞ்சில் இறுக்கம், இரைப்பு... நாம் ‘வீசிங்’ என்கிறோமே, அதுதான்! ‘பத்து வருஷமா அடிக்கிறேன், எனக்கு ஒண்ணும் ஆகலே’ என்பது பதினோராவது வருஷத்துக்கு உத்தரவாதம் ஆகாது.

இன்னொரு விஷயம். ஷெட்டில் மூக்கைத் துளைப்பது தின்னர் வாசனைதான். ஐசோசயனேட் தன் வரவை மூக்குக்குச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஆகவே ‘வாசனை போயிடுச்சு, இனி பயமில்லே’ என்று மாஸ்க்கைக் கழற்றுவது தப்புக் கணக்கு.

பிரிட்டனில் கார் பெயின்டர்களுக்கு ஆஸ்துமா வரும் அபாயம், மற்ற தொழிலாளிகளைவிட சுமார் 80 மடங்கு அதிகம் என்று அந்நாட்டுத் தொழில் பாதுகாப்புத் துறை சொல்கிறது. ஐரோப்பிய யூனியனில் இந்த வகைச் சரக்கைத் தொழிலில் கையாளுகிறவர்கள் பாதுகாப்புப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது 2023 ஆகஸ்ட் முதல் கட்டாயம்.

கத்திரியில் ஏன் அதிகம்?

மே 4-ம் தேதி வாக்கில் கத்திரி ஆரம்பித்துவிட்டால் கிளியர் அடிப்பவருக்குச் சோதனைக் காலம். வண்டிக்கும் சோதனைதான்!

கன்னிலிருந்து கிளம்பும் துளி, வண்டி மேல் போய்ச் சேர்வதற்குள் பாதி காய்ந்துவிடும். அதனால் பரப்பு சொரசொரப்பாகும். ஒழுங்காகப் படிந்தாலும், மேல்பக்கம் சீக்கிரம் இறுகி, அடியில் மாட்டிக்கொண்ட தின்னர் வெளியே வர வழி தேடி முட்டும். விளைவு, ஊசி குத்தின மாதிரி குட்டிக் குட்டிக் கொப்புளங்கள். கலந்து வைத்ததும் கப்பிலேயே சீக்கிரம் கெட்டியாகும். அனுபவசாலிகள் இதற்காகவே வெயில் காலத்தில் மெதுவாக இறுகும் ஹார்டனரும், மெதுவாக ஆவியாகும் தின்னரும் வாங்குவார்கள். நிழலில் நிறுத்தி, விடியற்காலையில் அடிப்பார்கள்.

அந்தப் பொறுமை இல்லாதவர்கள் என்ன செய்கிறார்கள்? இஷ்டத்துக்குத் தின்னரை ஊற்றிக்கொண்டு மத்தியானத்தில் அடிக்கிறார்கள். அறை முழுக்கத் தின்னர் ஆவி! கொப்புளம் வந்தால் தேய்த்துவிட்டு மறுபடியும் அடிக்க வேண்டும். ஒரு முறை சுவாசிக்க வேண்டியதை இரண்டு முறை சுவாசிக்கிறார் அந்தத் தொழிலாளி.

இப்போது மனுஷனைப் பாருங்கள். வெயிலில் காற்றோடு புழுதியும் வரும் என்று ஷெட்டின் தார்ப்பாயை இறக்கிவிடுகிறார்கள். உள்ளே அடுப்பங்கரைச் சூடு. வியர்வையில் மாஸ்க் வழுக்குகிறது, மூச்சு முட்டுகிறது. ‘ஒரு கோட்தானே’ என்று கழற்றி மாட்டிவிட்டு ஒரு கர்ச்சீப்பைக் கட்டிக்கொள்கிறார். உஷ்ணத்தில் உழைக்கும்போது மூச்சும் வேகமாகிறது. காற்றில் அதிகம், கவசம் குறைவு, மூச்சு வேகம்... மூன்றும் சேர்ந்தால்?

என்னிடம் வந்தவரும் இதைத்தான் சொன்னார். “மத்த மாசமெல்லாம் மாஸ்க் போடுவேன் சார். சித்திரை, வைகாசியில மட்டும் முடியறதில்லே.”

ராத்திரி ஏன் இருமல்?

பகலில் சுவாசித்ததற்கு ராத்திரி ஏன் இருமுகிறார் என்று அவர் மனைவிக்குச் சந்தேகம். நியாயமான சந்தேகம்தான். இந்த வகை ஆஸ்துமா வேலை செய்யும்போதே வரலாம். பல மணி நேரம் கழித்தும் வரலாம். அதனால்தான் பலர் வேலையையும் நோயையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. ‘குளிர்ந்த தண்ணி குடிச்சதால’, ‘ஃபேன் காத்து ஒத்துக்கலே’ என்று எதை எதையோ காரணம் சொல்லிக்கொண்டே வருஷங்கள் ஓடிவிடும்.

வீட்டிலிருப்பவர்கள்தான் இதைக் கண்டுபிடிக்க முடியும். ஒரு பழைய காலண்டர் போதும். இருமல் வந்த ராத்திரிக்கு ஒரு பெருக்கல் குறி, கிளியர் அடித்த நாளுக்கு ஒரு வட்டம் போட்டு வாருங்கள். லீவு நாட்களில் குறைந்து, வேலைக்குப் போனதும் கூடினால் அந்தக் காலண்டரையே எடுத்துக்கொண்டு நெஞ்சக மருத்துவரிடம் போங்கள். ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனையை அவர் செய்வார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், எந்தத் தொழிலாக இருந்தாலும் சளிப் பரிசோதனையும் அவசியம். காசநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

வெல்லம், வாழைப்பழம், பால்...

‘வேலை முடிஞ்சதும் ஒரு துண்டு வெல்லம் தின்னா பெயின்ட் இறங்கிடும்’, ‘ரெண்டு வாழைப்பழம், ஒரு கிளாஸ் பால் போதும்’ என்று ஷெட்டுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. சித்த வைத்தியனே இதை மறுத்துச் சொல்கிறானே என்று நினைக்காதீர்கள். நாம் தின்பது உணவுக்குழல் வழியே வயிற்றுக்குப் போகிறது. பெயின்ட் மூட்டம் மூச்சுக்குழல் வழியே நுரையீரலுக்குப் போகிறது. பாதையே வேறு! வாழைப்பழம் பசிக்கு நல்லது. மாஸ்க்குக்குப் பதில் ஆகாது.

அதே மாதிரி, எங்கள் ஆடாதோடையும் தூதுவளையும் திப்பிலியும் சளியையும் இருமலையும் தணிக்கக் கூடியவைதான். ஆனால் தினமும் அதே மூட்டத்தில் நின்றுகொண்டு மருந்து சாப்பிடுவது, குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு தரையைத் துடைக்கிற மாதிரி. நெஞ்சக மருத்துவர் இன்ஹேலர் கொடுத்திருந்தால் ‘சித்த மருந்து சாப்பிடறேனே’ என்று தயவுசெய்து அதை நிறுத்தாதீர்கள். நோய் ஆரம்பத்திலேயே அந்தச் சரக்கை விட்டு விலகுகிறவர்களுக்குத்தான் குணமாக அதிக வாய்ப்பு. வருஷக்கணக்காக இழுத்தடித்தவர்களுக்கு, வேலையை விட்ட பிறகும் இரைப்பு தங்கிவிடுவதுண்டு.

ஷெட் நடத்துபவர்களுக்கு...

* வெயில் காலத்தில் கிளியர் வேலையைக் காலை 9 மணிக்குள் முடியுங்கள். உலோகத்தின் மேல் உள்ளங்கையை வைக்க முடியாத அளவு சூடென்றால் அடிக்காதீர்கள்.

* வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் மூலம் கொண்டுவரும் முகக்கவசம்தான் இந்த வேலைக்கு ஏற்றது. காற்று ஓடிக்கொண்டே இருப்பதால் வெயிலுக்கும் சற்று ஆறுதல். ஆனால் அந்தக் காற்று சுவாசிப்பதற்கென்று வடிகட்டப்பட்டிருக்க வேண்டும். துணியும் கர்ச்சீப்பும் ஆவியைத் தடுக்காது. கரித்தூள் வடிகட்டி வைத்த மாஸ்க் இரண்டாம்பட்சம்தான். வெக்கையில் அது சீக்கிரம் தீர்ந்தும் போகும். தாடி இருந்தால் இடைவெளி வழியே மூட்டம் உள்ளே வரும்.

* அடித்து முடித்ததும் பளபளப்பைப் பார்க்கும் ஆசையில் கவசத்தைத் தூக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத மூட்டம் கொஞ்ச நேரம் காற்றில் நிற்கும். வெளியே வந்த பிறகே கழற்றுங்கள்.

* கையுறை, முழுக்கை உடை அவசியம். கையில் பட்டதைத் தின்னர் போட்டுத் துடைக்க வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

* வெக்கை தாங்காமல் சாதாரண டேபிள் ஃபேனை ஸ்பிரே அறையில் வைக்காதீர்கள். தின்னர் ஆவிக்கு ஒரு தீப்பொறி போதும். தீப்பொறி எழுப்பாத எக்ஸாஸ்ட் ஃபேன்தான் வேண்டும்.

* இடையிடையே வெளியே வந்து தண்ணீர், உப்புப் போட்ட நீர்மோர் குடியுங்கள். தலைசுற்றல் வெயிலாலும் வரும், தின்னராலும் வரும். எதுவானாலும் உடனே நிழலுக்குக் கொண்டுவந்து, உடையைத் தளர்த்தி, உடம்பை ஈரத்துணியால் துடையுங்கள். பேச்சு குழறினாலோ மூச்சுத் திணறினாலோ 108-ஐ அழையுங்கள்.

கார் வைத்திருப்பவர்களுக்கு...

உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. வைகாசி முகூர்த்தம் வரும். ‘நாளைக்குக் காலைல மாப்பிள்ளை அழைப்பு, இன்னிக்கே வண்டி வேணும்’ என்று பட்டறையில் போய் நிற்போம். அந்த ‘இன்னிக்கே’வுக்காகத்தான் ஒருவர் மத்தியானம் 2 மணி வெயிலில், மாஸ்க் இல்லாமல், தார்ப்பாய்க்குள் நுழைகிறார். இரண்டு நாள் முன்கூட்டியே வண்டியை விடுங்கள். உங்கள் வண்டிக்கும் கொப்புளம் வராது.

பெயின்ட் அடிக்கும்போது குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய் வேடிக்கை காட்டாதீர்கள். போர்ட்டிகோவில் வைத்து நாமே கீறலைச் சரிசெய்யலாம் என்று ஸ்பிரே டின் வாங்குகிறீர்களா? லேபிளைப் படியுங்கள். அடியில் ஒரு பொத்தானை அழுத்தி ஹார்டனரைக் கலக்கச் சொல்கிற டின் என்றால், அதில் இருப்பதும் இதே சரக்குதான். வீட்டில் வேண்டாம்.

சரி, அந்த நோயாளி என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? அரசு மருத்துவமனை நெஞ்சகப் பிரிவுக்கு அனுப்பினேன். ஆஸ்துமாதான் என்று உறுதியாயிற்று. ஷெட் முதலாளியை வரவழைத்துப் பேசினேன். நல்ல மனுஷர், புரிந்துகொண்டார். இப்போது இவர் ஸ்பிரே அறைப் பக்கமே போவதில்லை. வண்டி வரவு செலவுக் கணக்கும், முன்பக்கம் ஸ்பேர் பார்ட்ஸ் பொறுப்பும் பார்க்கிறார். சம்பளம் கொஞ்சம் குறைவுதான். எப்போதாவது காற்று திசைமாறி தின்னர் வாடை வந்தால், கூடவே வரும் மூட்டத்தில் நெஞ்சு இறுகத்தான் செய்கிறது. இன்ஹேலர் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

சுவரை வைத்துத்தானே சித்திரம்? போன மாதம் அந்த அம்மாள் மட்டும் மூட்டுவலிக்குத் தைலம் வாங்க வந்தார். “ராத்திரி எப்படிம்மா?” என்றேன்.

“நல்லா தூங்கறோம் டாக்டர்” என்றார். ‘தூங்கறார்’ என்று சொல்லவில்லை, ‘தூங்கறோம்’ என்றார்!