இளங்குதிரைக்கு எந்தக் கடிவாளம்?

குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. உதட்டோரமாகக் கட்டைவிரலை விட்டால் அங்கே வெறும் ஈறு தட்டுப்படும்: மெல்லிய தோல், அதற்கு அடியிலேயே எலும்பு. கடிவாளத்தின் வாய்க்கம்பி நாக்கின் மீதும் இந்த ஈறின் மீதும்தான் அமர்கிறது. தேர்வு தொடங்க வேண்டிய இடமும் இதுதான்.

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் மலைப்பாதைச் சவாரிக்குப் பழக்கும் இளங்குதிரைக்குப் பெரும்பாலும் முதலில் மாட்டுவது 'ஸ்நாஃபிள்'. மூட்டு வைத்த கம்பி, இரு முனையிலும் வளையம், அவ்வளவுதான். கையிலிருக்கும் வாரை எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு விசைதான் வாய்க்குப் போகும். இடது வாரை இழுத்தால் தலை இடப்பக்கம் திரும்பும். குதிரை மிரண்டு பாயும்போது தலையை ஒரு பக்கமாக வளைத்து நிறுத்தவும் இதுவே கைகொடுக்கும்.

'கர்ப்' நெம்புகோல் வகை. பக்கத்துக்கொரு தண்டு, தாடைக்கடியில் சங்கிலி. தண்டு கம்பிக்கு மேலே ஒரு பங்கும் கீழே மூன்று பங்கும் இருந்தால், இழுக்கும் விசை மும்மடங்காகி உச்சந்தலையையும் தாடையையும் இறுக்கும். பழகிய குதிரைக்கு விரலசைவே போதும். பழகாததற்கு வலிதான் மிஞ்சும்.

அளவும் முக்கியம். வாய்க்கம்பி உதட்டைத் தாண்டி இருபுறமும் அரை சென்டிமீட்டர் அளவுக்கு நீண்டிருக்க வேண்டும். பல குதிரைகளுக்கு 5 அங்குலக் கம்பி பொருந்தும். பருமனான கம்பி மென்மையானது என்பார்கள். சிறிய வாயும் தடித்த நாக்கும் உள்ள குதிரைக்கு அதுவே திணறல். பக்கவாட்டில் குச்சி நீட்டிய வகை புதர்ப்பாதையில் கிளைகளில் மாட்டிக்கொள்ளும். முட்டை வடிவ வளையமே மேல்.

குதிரைக்கு இரண்டரை வயது முதல் ஐந்து வயதுக்குள் பால்பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைக்கின்றன. 'ஓநாய்ப்பல்' எனும் குட்டிப்பல்லில் கம்பி இடித்தாலும் வலிக்கும். கலிஃபோர்னியாவின் பழைய வக்கேரோ மாட்டுக்காரர்கள் இந்தப் பருவத்தில் வாயில் எதையும் வைக்காமல், தோல்வாரில் பின்னிய மூக்குப்பட்டையைக் கொண்டே பழக்கினார்கள். ஸ்நாஃபிள் ஒத்துக்கொள்ளாத குதிரைக்கு இன்றும் அது நல்ல வழி.

ஆகவே குதிரை தலையை உதறினாலோ நிற்க மறுத்தாலோ கடுமையான கடிவாளத்தைத் தேடாதீர்கள். முதலில் கால்நடை மருத்துவரிடம் பல்லைக் காட்டுங்கள். பல்லில் கோளாறில்லை என்றால் நிற்கக் கற்றுக்கொடுங்கள். குதிரை நின்ற கணமே வாரைத் தளர்த்துங்கள். அந்தத் தளர்வில்தான் அது பாடம் கற்கிறது.