மிரண்ட நாய்க்கு ஒரு வீடு மட்டும் போதாது

1966ஆம் ஆண்டு மார்ச் மாதம் இலண்டன் வெஸ்ட்மினிஸ்டரில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த உலகக் கிண்ணம் திருட்டுப்போயிற்று. உலகக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டிகளை இங்கிலாந்து நடத்தவிருந்த ஆண்டு அது. பொலிஸார் தேடியும் கிடைக்காத அக்கிண்ணத்தை, ஏழு நாட்களின் பின்னர், தென் இலண்டனில் தன் எசமானருடன் உலாவச் சென்ற பிக்கிள்ஸ் என்னும் நாய் கண்டுபிடித்தது. பற்றையடியில் பத்திரிகைத் தாளினால் சுற்றப்பட்டுக் கிடந்த பொதியை அது மோப்பம் பிடித்துக் காட்டிக்கொடுத்தது. அதே ஆண்டு ஜூலை 30ஆம் திகதி இங்கிலாந்து அணி அக்கிண்ணத்தை வென்றது.

இச்சம்பவத்தில் அதிகம் பேசப்படாத ஒரு செய்தியும் உண்டு. பிக்கிள்ஸ் முதலில் அதன் எசமானருடைய சகோதரரிடம் இருந்ததாகவும், தளபாடங்களைக் கடித்துச் சேதப்படுத்தியமையினாலேயே கைமாற்றப்பட்டதாகவும் கூறப்படுகின்றது. ஒரு வீட்டிற்குத் தொல்லையாகத் தோன்றிய நாய், பொறுமையுள்ள இன்னொரு வீட்டைப் பெற்றதனால் ஒரு நாட்டின் மானத்தைக் காத்தது. அவ்வாறான இன்னொரு வீடு வாய்க்காத நாய்களின் கதி என்ன? அவற்றுக்கு அவ்வீட்டை யார் வழங்குவது? எவ்வாறு வழங்குவது? இவையே நாம் இங்கு ஆராய விரும்பும் வினாக்களாகும்.

கைவிடப்பட்ட நாய்களுக்குப் புகலிடம் அளிப்பதில் பிரித்தானியாவுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1860ஆம் ஆண்டு மேரி ரீல்பி என்னும் பெண்மணி இலண்டன் ஹொலோவே பகுதியில் ஆரம்பித்த நாய்கள் இல்லம், 1871ஆம் ஆண்டு பற்றர்சீக்கு இடம்மாறி இன்றுவரை இயங்கி வருகின்றது. 1891ஆம் ஆண்டு தோன்றிய மற்றுமொரு சங்கம் 2003ஆம் ஆண்டு முதல் டோக்ஸ் ட்ரஸ்ற் என்னும் பெயரில் இயங்குகின்றது. நாய் என்பது வாழ்நாள் முழுவதற்குமான பொறுப்பேயன்றி நத்தார்ப் பரிசு மட்டுமன்று என்னும் பொருள்பட அச்சங்கம் 1978ஆம் ஆண்டு முன்வைத்த சுலோகம் ஆங்கில உலகெங்கும் அறியப்பட்டதாகும்.

எனினும் காப்பகம் எத்துணை சிறந்ததாயினும் அது வீடாகிவிடாது. கம்பிக் கூண்டும், இடைவிடாத குரைப்பொலியும், நாளுக்கு நாள் மாறும் அந்நிய முகங்களும், ஏற்கெனவே அஞ்சிய நாயை மேலும் அஞ்சச் செய்கின்றன. அஞ்சிய நாய் பார்வையாளரைக் கண்டு சீறும். அல்லது மூலையில் ஒடுங்கும். சீறும் நாயை எவரும் விரும்பி அழைத்துச் செல்வதில்லை. அதனால் அது மேலும் நீண்டகாலம் கூண்டில் இருக்கின்றது, மேலும் கெடுகின்றது. இந்த நச்சு வட்டத்தை உடைப்பதற்கான வழியே தற்காலிகப் பராமரிப்பு முறையாகும். நாயின் உரிமை காப்பகத்திடமே இருக்கும். மருத்துவச் செலவையும் பெரும்பாலும் காப்பகமே ஏற்கும். பராமரிப்பாளர் தம் வீட்டில் சில வாரங்களோ சில மாதங்களோ நாயை வைத்திருந்து, மனிதருடன் வாழ அதனை மீண்டும் பழக்கி, நிரந்தரக் குடும்பமொன்றிடம் கையளிப்பார்.

இம்முறை நாய்க்கு மட்டுமன்றி மனிதருக்கும் உயிர் காக்கும் உதவியாக அமைவதுண்டு. வீட்டு வன்முறையிலிருந்து தப்பியோட விரும்பும் பெண்கள், தாம் சென்ற பின்னர் வளர்ப்பு நாய்க்கு என்ன நேருமோ என அஞ்சித் தாமதிக்கின்றனர். பெண்களுக்கான புகலிடங்கள் பலவற்றில் நாய்களுக்கு இடமில்லை. இதனை உணர்ந்தே டோக்ஸ் ட்ரஸ்ற் 2004ஆம் ஆண்டு முதல், இவ்வாறானவர்களின் நாய்களைத் தற்காலிகமாகப் பராமரிக்கும் திட்டமொன்றை நடத்தி வருகின்றது.

இனி, 'குழப்பமுள்ள நாய்' என்பது யாது எனப் பார்ப்போம். நாய்க்குட்டியொன்று பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழ பதினான்காம் வாரம் வரையிலான காலத்திலேயே, உலகில் எவை ஆபத்தற்றவை என்பதைக் கற்றுக்கொள்கின்றது. மனிதரின் கைகள், குழந்தைகளின் குரல், வாகனங்களின் இரைச்சல் ஆகியவற்றை அக்காலத்தில் அறியாத குட்டி, பின்னர் அவை யாவற்றையும் ஆபத்தாகவே கருதும். அடியும் பட்டினியும் சேர்ந்துகொண்டால் அச்சம் ஆழப் பதிந்துவிடும். நாம் 'கெட்ட நாய்' எனக் கூறும் நாய்களிற் பல உண்மையில் பயந்த நாய்களேயாகும்.

இங்கு நெடுங்காலம் நிலவிய தவறான கருத்தொன்றையும் சுட்டிக்காட்ட வேண்டும். நாய் தன் எசமானரை அடக்கியாள முயல்வதாகவும், 'யார் தலைவன்' என்பதைப் பலாத்காரமாக உணர்த்தினால் அது திருந்திவிடும் எனவும் பலர் நம்பினர். அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களை அவதானித்து 1947ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வொன்றே இதன் மூலமாகும். 1970ஆம் ஆண்டு வெளியான நூலினூடாக அக்கருத்தைப் பரப்பிய அமெரிக்க விஞ்ஞானி டேவிட் மெக், பின்னர் தாமே அதனைக் கைவிட்டார். இயற்கையில் வாழும் ஓநாய்க் கூட்டமானது பெற்றோரும் குட்டிகளும் கொண்ட குடும்பமே என அவர் 1999ஆம் ஆண்டு எழுதினார். ஓநாய்க்கே பொருந்தாத கோட்பாட்டை நாயின் முதுகில் பிரயோகிப்பது எத்துணை பேதைமை!

அனுபவமிக்க பராமரிப்பாளர்கள் 'மூன்று' என்னும் எண்ணை நினைவில் வைத்திருக்கச் சொல்வர். மிரட்சி தணிய மூன்று நாட்கள், வீட்டின் ஒழுங்கை விளங்கிக்கொள்ள மூன்று வாரங்கள், தன் வீடு என்னும் உணர்வு தோன்ற மூன்று மாதங்கள். இது விஞ்ஞான விதியன்று. அவசரப்படுவோரை அடக்கி வைப்பதற்கான ஒரு கணக்கு மாத்திரமே. சில நாய்களுக்கு ஓராண்டும் போதாது.

முதல் நாட்களில் விருந்தினரை அழைத்தலாகாது. நாய் ஒதுங்கிக்கொள்ள அமைதியான மூலையொன்று வேண்டும். அங்கு எவரும் அதனை நெருங்கலாகாது. உணவும் வெளியே செல்வதும் நாள்தோறும் ஒரே நேரத்தில் நிகழவேண்டும். வெளியே அழைத்துச் செல்லும்போது கழுத்துப் பட்டியுடன் மார்புப் பட்டியையும் அணிவித்து இரண்டிலும் கயிறு பூட்டவேண்டும். அஞ்சிய நாய் கழுத்துப் பட்டியிலிருந்து நழுவி ஓடிவிடுவது அடிக்கடி நிகழும் விபத்தாகும்.

உணவைக் காத்து உறுமும் நாயிடமிருந்து தட்டைப் பறித்துப் 'பாடம் கற்பிப்பது' அதன் அச்சத்தை உறுதிப்படுத்துவதாகும். மாறாக, தூரத்தே கடந்து செல்லும்போது அதனினும் சுவையான துண்டொன்றை வீசிச் செல்லவேண்டும். மனிதர் அருகில் வருவது இழப்பன்று, வரவே என்பதை நாய் மெல்ல மெல்லக் கற்றுக்கொள்ளும். உறுமலைத் தண்டிப்பதும் கூடாது. உறுமல் என்பது எச்சரிக்கை. எச்சரிக்கையைத் தண்டித்து நிறுத்தினால், எச்சரிக்காமற் கடிக்கும் நாயே மிஞ்சும். தனிமையில் விடப்பட்டால் ஊளையிட்டுக் கதவைப் பிறாண்டும் நாயையும் இவ்வாறே படிப்படியாகப் பழக்கவேண்டும். முதலில் சில விநாடிகள், பின்னர் ஒரு நிமிடம், அதன் பின்னர் ஐந்து நிமிடங்கள் என அது பதறுவதற்கு முன்னரே திரும்பி வரவேண்டும்.

இவையனைத்தையும் தொழில் பார்க்கும் தனி மனிதர் ஒருவர் ஆற்றுவது இயலுமா? இவ்விடத்திலேயே உதைபந்தாட்ட இரசிகர்களைப் பற்றிக் கூறவேண்டியுள்ளது. பிரித்தானியக் கழகமொன்றின் இரசிகர்கள் போட்டி நாளில் மட்டும் கூடிக் கலைபவர்கள் அல்லர். தந்தையும் மகனும் பேரனும் ஒரே கழகத்தை ஆதரிப்பர். பருவச் சீட்டுப் பெற்று அடுத்தடுத்த ஆசனங்களில் ஆண்டுக்கணக்காக அமர்ந்திருப்போர், ஒருவர் வீட்டு நோயையும் வேலையிழப்பையும் மற்றவர் அறிவர். அத்தகைய வட்டங்களில் நாய்களைப் பற்றிய பேச்சும் இடம்பெறுகின்றது. மூன்று நாட்களாக மேசைக்கு அடியிலிருந்து நாய் வெளிவரவில்லை, தாம் தோற்றுவிட்டோமோ எனப் புதியவர் ஒருவர் கேட்பார். அதனை வெளியே இழுக்காமல் அருகே நிலத்தில் அமர்ந்து புத்தகம் வாசிக்கும்படி முன்னர் பலவற்றைப் பராமரித்தவர் கூறுவார். அறிவுரையிலும் பார்க்க, இதே நிலையைத் தாமும் கடந்து வந்ததாக ஒருவர் கூறுவதே புதியவரைத் தாங்கி நிற்கின்றது.

இரசிகரின் வீட்டிற்கேயுரிய இடர் ஒன்றும் உண்டு. தமது அணி கோல் அடித்ததும் அவர் கதிரையிலிருந்து துள்ளிக் கூக்குரலிடுவார். அடிபட்டு வந்த நாய்க்கு அது மகிழ்ச்சிக் குரலாகக் கேட்பதில்லை. அடுத்த அடிக்கான அறிகுறியாகவே கேட்கும். பல நாட்கள் ஈட்டிய நம்பிக்கை ஒரு கணத்தில் குலையலாம். ஆகையால் போட்டி நேரத்தில் நாயைத் தொலைவிலுள்ள அறையில், மெல்வதற்கு ஏதேனும் கொடுத்து, மென்மையான இசையுடன் விடவேண்டும் என்பர். வெளியூர்ப் போட்டிக்குச் செல்பவரின் நாயைச் செல்லாதவர் பார்த்துக்கொள்வார். வாகனமுள்ளவர் மிருக வைத்தியரிடம் அழைத்துச் செல்வார். எதுவும் இயலாதவர் உணவு வாங்கக் கைகொடுப்பார். பெரிய மனம் படைத்த ஒருவரால் இயலாததைச் சாதாரண மனம் படைத்த பத்துப்பேர் பகிர்ந்து செய்துவிடுகின்றனர் என்பதே இதன் சாராம்சமாகும்.

கழகங்களும் இதில் பங்குகொண்டதுண்டு. 2022ஆம் ஆண்டு ருமேனியாவின் முதற்பிரிவுப் போட்டிகளில் வீரர்கள் காப்பக நாய்களைக் கையில் ஏந்தியவாறு மைதானத்தினுள் பிரவேசித்து, அவற்றுக்கு வீடு தேடியமை உலகின் கவனத்தை ஈர்த்தது.

எனினும் இப்பணியின் கசப்பான பக்கத்தை மறைத்தல் நேர்மையாகாது. கடிக்கும் நாயைச் சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் வைத்திருப்பது கருணையன்று. அதனைக் காப்பகத்திடம் திருப்பி ஒப்படைப்பது தோல்வியுமன்று. எங்கு, எப்போது, எதைக் கண்டு கடித்தது என்னும் உண்மையை மறைக்காமற் கூறுவதே அந்நாய்க்குச் செய்யும் பேருதவி. சட்டமும் சிலவற்றின் விதியைத் தீர்மானித்துவிடுகின்றது. மனிதர் பலர் கடியுண்டு இறந்ததைத் தொடர்ந்து, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எக்ஸ்எல் புல்லி வகை நாய்களை விற்பதும் பிறருக்குக் கொடுப்பதும் 2023 டிசம்பர் 31 முதல் தடைசெய்யப்பட்டது. 2024 பெப்ரவரி 1 முதல் விலக்குச் சான்றிதழின்றி அவற்றை வைத்திருப்பதும் குற்றமாயிற்று. காப்பகங்களிலிருந்த அவ்வகை நாய்களுக்குப் புதிய வீடு தேடும் வழி இத்தடையினால் அடைபட்டது. கவனமின்றிப் பெருக்கி விற்றவர்களும் பொறுப்பின்றி வாங்கியவர்களும் செய்த தவறுக்கு உயிரால் விலை செலுத்தியவை நாய்களும் அவற்றிடம் கடியுண்ட மனிதருமே.

வெற்றியிலும் வேதனை உண்டு. மாதக்கணக்கில் பாடுபட்டு, முதன்முறையாக வாலை ஆட்டிய நாயைப் பராமரிப்பாளர் இன்னொருவர் கையில் ஒப்படைக்க வேண்டும். தம்மிடமே வைத்துக்கொண்டால் அது குற்றமாகாது. ஆயினும் அடுத்த நாய்க்கான இடம் அவ்வீட்டில் இல்லாமற் போய்விடும். பிரிவதற்காகவே நேசிக்கும் இப்பக்குவம் எளிதில் கைவருவதன்று.

எமது நாட்டில் இவ்விடயம் வேறு வடிவில் எழுகின்றது. வீதிகளில் அலையும் கட்டாக்காலி நாய்களுக்கு இரங்கி உணவளிப்போர் எமது ஊர்களிலும் உள்ளனர். பிரித்தானியாவில் உள்நாட்டு நாய்களிடமிருந்து 1922ஆம் ஆண்டிலேயே ஒழிக்கப்பட்ட விசர்நாய்க்கடி நோய், எமது மண்ணில் இன்றும் உயிர்களைப் பறிக்கின்றது. ஆகவே நாயொன்றைப் பொறுப்பேற்பவர் முதலில் தடுப்பூசி ஏற்றுவிக்க வேண்டும். கடித்தாலோ, கீறினாலோ, காயத்தில் உமிழ்நீர் பட்டாலோ சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் உயிர் தப்புவது அரிது.

எமது சமயங்களும் இவ்வுயிரை மறந்துவிடவில்லை. நாயை விட்டுச் சுவர்க்கம் புக மறுத்த தருமரின் கதையை இந்துக்கள் அறிவர். நாயின் உமிழ்நீர் பட்டால் தூய்மை செய்யவேண்டும் என்னும் மார்க்கச் சட்டத்தைப் பேணி, வீட்டினுள் நாய் வளர்ப்பதைத் தவிர்க்கும் எமது முஸ்லிம் மக்கள், தாகித்துத் தவித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கி நீர் மொண்டு கொடுத்தவரை இறைவன் மன்னித்ததாகக் கூறும் நபிமொழியையும் அறிவர். எல்லோரும் நாயை வீட்டிற்குள் அழைத்துவர வேண்டியதில்லை. தண்ணீர் வைப்பதும், தடுப்பூசிக்கு ஏற்பாடு செய்வதும், கல்லெறியும் சிறுவனைத் தடுப்பதும் அப்பணியின் பகுதிகளே. பகிர்ந்து செய்தலின் பயன் இதுவேயாகும். ஒவ்வொருவரும் தத்தமக்கு இயன்றதையும் ஏற்றதையும் செய்தாற் போதும்.

நாயின் நன்றியைப் புகழ்வதற்கு எம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மனிதரால் வதைபட்ட நாய் உடனடியாக நன்றி காட்டுவதில்லை. அது உறுமும், ஒளியும், சில வேளை கடிக்கவும் செய்யும். நன்றியை எதிர்பாராமல் அதனுடன் காத்திருக்க எம்மில் எத்தனை பேர் ஆயத்தமாக உள்ளோம்? ஒரு கழகத்தின் நிறத்தை அணிந்தவர்கள் கூடி அவ்வாறு காத்திருக்க முடியுமெனில், ஒரு தெருவில் வாழும் அயலவர்களாகிய எம்மாலும் அது முடியும் என்றே நாம் நம்புகின்றோம்.