கண்ணெதிரே ஊர், காலடியில் பனிச்சரிவு

1894 மார்ச் 23. விடிவதற்கு வெகு நேரம் முன்பே சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரிலிருந்து மூன்று பேர் கிளம்பினார்கள். தோபியாஸ், யோஹான் என்ற பிராங்கர் சகோதரர்கள் இருவரும் உள்ளூர்க்காரர்கள். மூன்றாமவர் ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில். காசநோய் கண்ட மனைவி லூயிசாவுக்கு மலைக்காற்று இதம் தரும் என்பதால் அவர் டாவோஸில் தங்கியிருந்தார். ஹோம்ஸ் அருவியில் விழுந்து மடிவதாக எழுதிய கதை அச்சேறி அப்போது சில மாதங்களே ஆகியிருந்தன.

மூவரும் ஸ்கீ என்னும் நீண்ட மரப்பலகைகளைக் காலில் பூட்டிக்கொண்டு, 2,440 மீட்டர் உயரமுள்ள மாயன்ஃபெல்டர் ஃபுர்கா கணவாயைக் கடந்து, நண்பகலுக்குள் அடுத்த பள்ளத்தாக்கிலிருக்கும் அரோசாவை அடைந்தார்கள். அங்கே விடுதிப் பதிவேட்டில், டாயிலின் பெயருக்கு எதிரே, தொழில் என்ற இடத்தில் 'விளையாட்டு வீரர்' என்று எழுதிவைத்தார் தோபியாஸ். அதை ஒரு பாராட்டாகவே டாயில் கடைசிவரை நினைவில் வைத்திருந்தார். வருங்காலத்தில் ஸ்கீ ஓட்டுவதற்காகவே ஆங்கிலேயர்கள் நூற்றுக்கணக்கில் சுவிட்சர்லாந்துக்கு வருவார்கள் என்று அந்த ஆண்டிலேயே பத்திரிகையில் எழுதினார். அப்படியே நடந்தது.

ஏறி இறங்கும் கலை

டாவோஸ் என்றால் இன்று நமக்கு ஜனவரி மாதத்துப் பொருளாதார மாநாடு. ஆனால் அந்த ஊரின் குளிர்கால வாழ்வு பனிச்சறுக்கை நம்பியிருக்கிறது. மலையுச்சிவரை ரயிலும் ரோப் காரும் கொண்டுபோய் விடுகின்றன. இயந்திரத்தால் சமன்செய்து, குறியிட்டு, காவலர் கண்காணிக்கும் பாதைகளில் மக்கள் சறுக்கி இறங்குகிறார்கள்.

அந்தப் பாதைகளை விட்டு விலகி, யாரும் தொடாத சரிவுகளில் சொந்தக் காலால் ஏறி, ஏறிய களைப்போடு இறங்குவதுதான் ஸ்கீ டூரிங். டாயில் செய்ததும் அதுவே. ஸ்கீயின் அடியில் 'ஸ்கின்' என்ற பட்டையை ஒட்டிக்கொள்வார்கள். அதன் மயிர் ஒரே திசையில் படிந்திருக்கும். முன்னே வழுக்கும், பின்னே வழுக்க விடாது. ஒரு காலத்தில் சீல் என்ற கடல் விலங்கின் தோலையே இதற்குப் பயன்படுத்தினார்கள். இப்போது நைலானும் மொஹேர் என்ற ஆட்டு மயிரும் அந்த வேலையைச் செய்கின்றன. ஏறும்போது குதிகால் விடுபட்டிருக்கும். உச்சியில் பட்டையை உரித்து, குதிகாலைப் பூட்டினால் இறங்கத் தயார். 1980களில் ஃபிரிட்ஸ் பார்தெல் என்ற ஆஸ்திரியர் இரண்டு ஊசிமுனைகளில் பூட்ஸைப் பிடிக்கும் மிக இலேசான பூட்டை உருவாக்கியபின், இந்தக் கலை உடல்வலு மிகுந்த சிலரின் கையைவிட்டுப் பலரிடமும் வந்து சேர்ந்தது.

மூன்று மணி நேரம் ஏறினால் இருபது நிமிடம் இறங்கலாம். அந்த மூன்று மணி நேரத்தில் கேட்பது தன் மூச்சும், பட்டை பனியில் உரசும் ஓசையும் மட்டும்தான். அந்த நிசப்தத்துக்காகவே இத்தனை பேர் போகிறார்கள்.

சர்க்கரைமேல் நிற்கும் பலகை

ஆனால் அந்த வெள்ளை அமைதிக்குள் ஒரு வரலாறு அடுக்கடுக்காகப் புதைந்திருக்கிறது. ஒவ்வொரு பனிப்பொழிவும் ஓர் அடுக்கு. நவம்பரில் கொஞ்சம் பனி பெய்து, பிறகு பல நாள் தெளிவான வானமும் கடுங்குளிரும் நீடித்தால், அடியிலுள்ள பனி சர்க்கரைபோல் ஒட்டாத மணிகளாக மாறிவிடும். அதன்மேல் புதுப்பனியும் காற்று அள்ளிவந்த பனியும் கெட்டிப்பட்டு ஒரு பலகையாக அமரும். சாய்வான சர்க்கரைக் குவியல்மேல் கனத்த பலகையை வைத்தது போன்ற நிலை அது. அதன்மேல் ஒருவர் ஏறினால், அடியிலுள்ள மணியடுக்கு நொறுங்கி, அந்த முறிவு பக்கவாட்டில் நொடியில் பரவும். பலகை முழுவதும் ஒன்றாகப் பெயர்ந்து ஓடும். இதுதான் பனிச்சரிவு. அதில் சிக்கி இறப்பவர்களில் பெரும்பாலானோர் விஷயத்தில், அந்தப் பனிச்சரிவைக் கிளப்பிவிட்டது அவர்களே, அல்லது கூட வந்தவர்களே.

இது நிகழ, பாறைச்சுவர்போன்ற செங்குத்து தேவையில்லை. 30 பாகைச் சாய்வு போதும். நம் வீட்டு மாடிப்படியின் சாய்வே ஏறத்தாழ அவ்வளவுதான். அதனால்தான் அனுபவசாலிகள் கிளம்புமுன் வரைபடத்தில் ஒவ்வொரு சரிவின் சாய்வையும் அளந்து பார்க்கிறார்கள்.

இந்த அறிவில் பெரும்பங்கு டாவோஸில் பிறந்தது. 1936இல் நகருக்கு மேலே வைஸ்ஃப்ளூயோக் என்ற இடத்தில் ஒரு மரக்குடிலில் சில விஞ்ஞானிகள் பனியைத் தோண்டி அளக்கத் தொடங்கினார்கள். அங்கிருந்து வளர்ந்ததே இன்றைய எஸ்.எல்.எஃப். என்ற பனி ஆய்வு நிறுவனம். 1950-51 குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தில் மட்டும் 98 பேரைப் பனிச்சரிவுகள் கொன்றன. அதன்பின் ஊர்களுக்கு மேலுள்ள சரிவுகளில் இரும்புத் தடுப்புகள் பெருகின. ஆபத்தான இடங்களில் வீடு கட்டத் தடை வந்தது. இன்று அந்நாட்டில் பனிச்சரிவில் இறப்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், தாமே விரும்பி மலைக்குள் போனவர்கள்.

மூன்று என்ற எண்

குளிர்காலத்தில் தினமும் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் அந்த நிறுவனம் எச்சரிக்கை அறிக்கை வெளியிடுகிறது. ஐரோப்பா முழுவதற்கும் ஒரே அளவுகோல்: ஒன்று என்றால் ஆபத்து குறைவு, ஐந்து என்றால் மிக அதிகம். நான்கும் ஐந்தும் அறிவிக்கப்பட்டால் மக்கள் தாமாகவே வீட்டில் இருந்துவிடுகிறார்கள். உயிர்களை அதிகம் பறிப்பது மூன்று. சாவுகளில் ஏறத்தாழப் பாதி அந்த நாட்களில்தான் நேர்கிறது. ஐந்தில் மூன்று என்றால் நடுத்தரம் என்று மனம் கணக்குப் போடுகிறது. வானம் நீலமாக இருக்கிறது, நேற்றைய புதுப்பனி மின்னுகிறது, விடுமுறையோ நாளை முடிகிறது.

இதற்கெல்லாம் மேலாக, ஊர் கண்ணெதிரே தெரிகிறது. தேவாலயக் கோபுரமும் விடுதியின் கூரையும் கீழே இருக்கும்போது, இவ்வளவு அருகில் என்ன ஆகிவிடும் என்ற எண்ணம் வருகிறது. உல்லாச நகரங்களை ஒட்டிய மலைகளின் மிகப் பெரிய ஆபத்து இந்த எண்ணம்தான் என்பேன்.

அது எத்தனை பொய் என்பதைப் பனிக்கடியில் கழியும் நிமிடங்கள் சொல்லும். ஓடி நின்ற பனி சிமெண்ட்போல் இறுகிவிடும். புதைந்தவரால் விரலைக்கூட அசைக்க முடியாது. சுவிட்சர்லாந்தின் பல்லாண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2024இல் வெளியான ஆய்வின்படி, முதல் பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரமானால் பத்தில் மூன்று பேர்தான். கீழே ஊரில் ஹெலிகாப்டர் தயாராக நின்றாலும் பத்து நிமிடத்துக்குள் வந்து சேருவது அரிது. காப்பாற்றக்கூடியவர் கூட வந்தவர் மட்டுமே. அதனால் ஒவ்வொருவரும் உடலோடு சேர்த்து புதைந்த இடத்தைக் காட்டித்தர 457 கிலோஹெர்ட்ஸில் ரேடியோ அலை பரப்பும் சிறு கருவியைக் கட்டிக்கொள்கிறார்கள். பையில் மண்வெட்டியும், பனிக்குள் குத்தித் தேடும் நீண்ட கம்பியும் இருக்கும். இவற்றைப் பயன்படுத்தப் பழகாதவருக்கு இவை வெறும் சுமை.

வானிலையும் அருகாமையை மதிப்பதில்லை. பிரான்சின் ஷமோனியிலிருந்து சுவிட்சர்லாந்தின் செர்மாட் வரை செல்லும் 'ஓட் ரூட்' உலகின் மிகப் புகழ்பெற்ற ஸ்கீ பயணம். 2018 ஏப்ரல் இறுதியில் அந்த வழியில் புயலில் சிக்கிய 14 பேர் பிஞ் தரோலா சிகரத்துக்கருகே வெட்டவெளியில் இரவைக் கழித்தார்கள். ஏழு பேர் இறந்தார்கள். அவர்கள் போய்ச்சேர வேண்டிய குடில் சுமார் அரை கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது.

நம் குல்மார்க்

இந்தப் பாடம் ஆல்ப்ஸோடு நிற்பதல்ல. காஷ்மீரின் குல்மார்க்கிலும் ரோப் கார் சுமார் 3,950 மீட்டர் உயரம்வரை அஃபர்வாட் மலையில் கொண்டுபோய் விடுகிறது. இறங்கி இடதோ வலதோ சில நூறு மீட்டர் போனால் குறியிட்ட பாதை முடிந்து, காட்டுமலை தொடங்கிவிடும். 2010 பிப்ரவரியில் குல்மார்க்கை ஒட்டிய கிலன்மார்க்கில் பயிற்சியிலிருந்த நம் ராணுவத்தினர் 17 பேரைப் பனிச்சரிவு கொன்றது. மலையே தொழிலாகக் கொண்டவர்களின் கதி அது. 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டவர் இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் அந்த மலையில் இறந்தார்கள்.

தமிழ்நாட்டிலிருந்தும் இப்போது குளிர்காலத்தில் பலர் அங்கே போகிறார்கள். சிலர் ஸ்கீ கற்றுக்கொண்டும் வருகிறார்கள். போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை; மனிதன் மலையிடம் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது. ஆனால் குறியிட்ட பாதையைத் தாண்டுமுன் அன்றைய எச்சரிக்கை என்ன என்று கேளுங்கள். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் ஓர் அடியும் வைக்காதீர்கள். அந்த வழிகாட்டிக்குக் குளிர்காலத்து வருமானம்தான் ஆண்டு முழுவதற்கும் சோறு. வந்த விருந்தாளியிடம் மறுப்புச் சொல்வது அவருக்கு எளிதல்ல. அப்படியும் அவர் பாதிவழியில் நின்று, பனியைக் குத்திப் பார்த்து, 'இன்று வேண்டாம்' என்று சொன்னால், மறுபேச்சில்லாமல் திரும்பி வாருங்கள். பேசிய கூலியை முழுதாக அவர் கையில் கொடுங்கள். அன்று அவர் செய்தது முழு நாள் வேலை.