கை கொடுக்கும் ரோபோ!

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் பஸ் இருங்காட்டுக்கோட்டையைத் தொட்டதுமே ஹூண்டாய் ஃபேக்டரி கண்ணில் படும். 1998-ல் சான்ட்ரோ கார் பிறந்த இடம். இங்கே நெருப்புப் பொறி பறக்க வெல்டிங் செய்வது ரோபோ கைகள். இந்த மாதிரி ரோபோக்களைச் சுற்றி வழக்கமாக வேலி இருக்கும். ஆள் உள்ளே நுழைந்தால் மெஷின் நின்றுவிடும்.

சரி... மனுஷன் கையையே பிடித்துக்கொண்டு வேலை செய்ய வேண்டிய ரோபோ என்றால்?

அதுவும் இருக்கு பாஸ்! பேரு 'புளூட்டோ'. வேலூர் சி.எம்.சி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து உருவாக்கியது. பக்கவாதத்தால் கை முடங்கியவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் இதன் டியூட்டி.

பக்கவாதத்தில் அடி வாங்குவது மூளை. அங்கிருந்து உத்தரவு வராததால் கை சும்மா கிடக்கிறது. சட்டை பட்டன் போடுவது, டம்ளரைப் பிடிப்பது... எல்லாமே முதலிலிருந்து! ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால்தான் மூளை மறுபடி கற்றுக்கொள்ளும். அதற்காக நாள் முழுக்கப் பக்கத்திலேயே உட்கார எந்த பிசியோதெரபிஸ்ட்டால் முடியும்?

புளூட்டோவில் இருப்பது ஒரே ஒரு மோட்டார். முன்னால் மாட்டும் பாகத்தை மாற்றினால் மணிக்கட்டை மடக்கலாம், உள்ளங்கையைத் திருப்பலாம், விரல்களை விரித்து மூடலாம். மோட்டார் குறைந்தால் செலவும் குறையும்தானே? ஸ்கிரீனில் கேம் ஓட, நோயாளியின் கைதான் அதை ஆட்டிவைக்கிறது.

ஆனால், கார் ரோபோ மாதிரி முழு வேலையையும் இதுவே செய்துவிட்டால் காரியம் கெட்டது! கை முதலில் முயற்சி செய்யணும். முடியாத இடத்தில் மட்டும் ரோபோ லேசாகத் தள்ளிவிடணும். கை தேறத் தேற விலகிக்கொள்ளணும். சைக்கிள் கற்றுக்கொடுத்த அப்பா, சீட்டிலிருந்து எப்போது கையை எடுத்தார் என்று நமக்குத் தெரிந்ததா? அதே டெக்னிக்!

இந்த ஆராய்ச்சியில் பங்கெடுத்த ஐ.ஐ.டி. பேராசிரியை சுஜாதா ஸ்ரீனிவாசனின் குழுதான் 2019-ல் 'அரைஸ்' சக்கர நாற்காலியைக் கொண்டுவந்தது. உட்கார்ந்திருப்பவர் தானே எழுந்து நிற்கலாம். தூக்கிவிட ஆள் வேண்டாம்!

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் இன்ஜினீயரிங் படிக்கிற மக்களே... ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு இன்னமும் கறுப்புக் கோட்டில் ஓடுற ரோபோதானா? மோட்டாரும் சென்சாரும் தெரிந்த அண்ணன்கள் உங்க ஏரியாவிலேயே ஷிஃப்ட் முடிந்து டீக்கடையில் நிற்கிறார்கள். ஆனால் அவர்களிடம் போவதற்கு முன்னால், கை வராத ஒரு தாத்தா பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். 'எதைச் செய்ய முடியலை தாத்தா?' என்று கேளுங்கள்.

புராஜெக்ட் அங்கேதான் ஆரம்பிக்குது!