மண்ணில் அடங்கிய உலோகம் மறுபடி எழும்புமா?

கல்முனைப் பக்கம், கரைவாகு வட்டையில் பெரும்போக விதைப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்த காக்கா ஒருவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, உமிக்கரி போட்டா மண்ணில இருக்கிற நஞ்சு இல்லாமப் போகுமாமே, உண்மையா?" போர்க்காலத்தில் பல வருடங்கள் கால்வைக்க முடியாமல் கிடந்து, பிறகு மீட்ட காணி அது. 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தபோதுதான் முதன்முதலாகச் சேதனப் பசளைக்கு மாறினாராம்.

இல்லாமல் போகாது, அடங்கியிருக்கும். அதுதான் பதில்.

பெரும்பாலான பூச்சிநாசினிகள் காலப்போக்கில் சிதைந்துவிடும். கட்மியம், ஈயம் போன்ற பார உலோகங்கள் மூலகங்கள், அவை சிதைவதில்லை. பொஸ்பேற்றுப் பாறையில் கட்மியம் இயற்கையாகவே உண்டு. ஆகவே ரி.எஸ்.பி. பசளையோடு அது சிறிது சிறிதாக வயலுக்கு வந்து சேர்கிறது.

சுண்ணாம்பு மண்ணின் அமிலத்தன்மையைக் குறைக்கிறது. அப்போது கட்மியம் மண்துகளில் ஒட்டிக்கொள்ளும். வேர் உறிஞ்சுவது குறையும். ஆனால் யூரியாவும் மழையும் சில வருடங்களில் மண்ணைத் திரும்ப அமிலமாக்கும்போது அந்தப் பிடி தளரும். கூட்டெருவும் உலோகத்தைப் பிடிக்கும். உக்கி முடிந்ததும் ஒரு பகுதியை விட்டுவிடும். நம் வெயிலில் உக்குதலும் வேகம். சம்மாந்துறை ஆலைகளில் கிடைக்கும் உமியைக் காற்றுக் குறைவாகச் சுட்டெடுத்த கரி எளிதில் உக்காது, நீண்டகாலம் நிற்கும். என்றாலும் அதன் சாம்பல் தரும் காரத்தன்மை மெல்லக் கழுவுண்டு போகும்.

நீரும் முக்கியம். வயலில் நீர் நிற்கும்போது கட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாமல் கிடக்கும். கதிர் முற்றுமுன் நீரை வடித்தால் மீண்டும் கரைந்து நெல்மணிக்கு ஏறும். ஆர்சனிக் இதற்கு நேர்மாறு: நீர் நின்றால்தான் அது கரையும். கடலோர வயல்களுக்கு இன்னொரு கவலை, உப்பு. உப்பிலுள்ள குளோரைட்டு கட்மியத்தோடு சேர்ந்து அதை மண்ணிலிருந்து இளக்கிவிடுகிறது.

ஜப்பானின் தொயாமாவில் சுரங்கக் கழிவால் கட்மியம் ஏறிய வயல்களைச் சீர்செய்யும் வேலை 1979இல் தொடங்கி 2012இல்தான் முடிந்தது. அரிசி வழியே உடலுக்குள் போகும் கட்மியம் சிறுநீரகத்தில் பல்லாண்டுகள் தங்கும் என்பதால்தான் அவ்வளவு பாடு.

ஆகவே ஒருமுறை போட்டுவிட்டு மறந்துவிட முடியாது. சில வருடங்களுக்கு ஒருமுறை மண்ணின் அமிலத்தன்மையைப் பரிசோதிக்க வேண்டும். தேவையானால் மறுபடி சுண்ணாம்பு இட வேண்டும். வாங்கும் கூட்டெரு எந்தக் குப்பையிலிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். பழைய பற்றரி கலந்த நகரக் குப்பையென்றால் அதுவே உலோகத்தைக் கொண்டுவரும்.

இதையெல்லாம் சொன்னேன். காக்கா வரம்பில் உட்கார்ந்து யோசித்தார். "அப்ப இது என்ர காலத்தோட முடியிற வேலையில்ல, மகனுக்கும் சொல்லி வைக்கணும்" என்றார்.