பழைய படங்களைத் திருத்த எந்தக் கணனி வாங்கலாம்?

2006 ஏப்ரலில் சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனைப் பக்கத்து மக்கள் ஊரைவிட்டு ஓடியபோது கைக்கு எட்டியது காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும்தான். சுவரில் தொங்கிய கலியாணப் படங்கள் அங்கேயே நின்றுவிட்டன. அதற்கு முன்னரே, 2004 டிசம்பர் 26இல், கடலோர வீடுகளின் அல்பங்களைத் தண்ணீர் தின்றிருந்தது. 2015, 2016இல் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டுத் திரும்பியவர்களுக்குப் பல இடங்களில் சுவரே இருக்கவில்லை. இன்று தகப்பனின் முகத்தைப் பேரப்பிள்ளைக்குக் காட்ட உறவினர் வீட்டில் தப்பிய ஒரு மங்கல் படம்தான் மிச்சம்.

கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் வளர்ந்த பிள்ளைகள் சிலர் இப்படங்களைத் திருத்திக் கொடுப்பதைத் தொழிலாகச் செய்ய விரும்புகிறார்கள். கணனி எது நல்லது என்று எம்மிடம் கேட்கிறார்கள். கடன்பட்டு வாங்கும் பொருள். தெரிவு பிழைத்தால் வட்டிதான் மிஞ்சும். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறோம்.

நாமும் முதலில் பிழைவிட்டவர்களே. கடைக்காரர் காட்டிய, உள்ளே வர்ண விளக்கு எரியும் விளையாட்டுக் கணனியை வாங்கினோம். பணம் முழுவதும் பெட்டிக்குப் போக, மிகுந்ததற்கு ஒரு மலிவுத் திரை. நேரே பார்த்தால் ஒரு நிறம், தலையைச் சரித்தால் இன்னொரு நிறம். திருத்திய படங்கள் அச்சில் கறுத்து வந்தன. ஒரு தாய் அதைப் பார்த்துவிட்டு, "இது என்ர மகன் இல்லை, பாதர்" என்றார்.

அன்று கற்றது இது: படவேலைக்கு முதலில் பார்க்கவேண்டியது திரை. ஐ.பி.எஸ். வகைத் திரையாக இருக்கவேண்டும். அது எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது. எஸ்.ஆர்.ஜி.பி. என்னும் நிற அளவை நூறு வீதம் காட்டுமா என்று கேளுங்கள். 24 அங்குலம் போதும். வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள். கூடிய வெளிச்சத்தில் திருத்தும் படமே அச்சில் கறுக்கும். ஜன்னல் வெயில் திரையில் விழவும் கூடாது.

அடுத்தது ராம் என்னும் நினைவகம். இதைச் சூடு மிதிக்கும் களம் என்று எண்ணுங்கள், எஸ்.எஸ்.டி. தட்டு நெல்லைக் கட்டிவைக்கும் பட்டறை. களம் சிறிதென்றால் கதிரைப் பட்டறைக்கும் களத்துக்கும் மாறிமாறிச் சுமக்கவேண்டும். கணக்கையும் பாருங்கள். 4க்கு 6 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளியாக ஸ்கேன் செய்தால் சுமார் 86 இலட்சம் புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைட் வீதம் ஏறக்குறைய 26 மெகாபைட். கிழிசலை ஒரு படையிலும் கறையை இன்னொன்றிலுமாகத் திருத்தப் பத்துப் படை வைத்தால் 260. இதற்கு 8 ஜிகாபைட் சமாளிக்கும். 16 இருந்தால் தாராளம். விலைகூடிய கிராபிக்ஸ் அட்டை இந்த வேலைக்குத் தேவையில்லை. இரண்டு ஏக்கர் வயலுக்கு யாரும் அறுவடை இயந்திரம் வாங்குவதில்லையே.

பழைய கணனி வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. மலிவாகத் தள்ளிவிடப்படுபவை பெரும்பாலும் இவைதான். லினக்ஸ் போட்டால் அவற்றையும் பயன்படுத்தலாம். கிம்ப் என்ற திருத்தும் செயலி இரண்டிலும் இலவசமாகவே ஓடும்.

ஸ்கேனரில் கவனம் தேவை. மெல்லிய மலிவு ஸ்கேனர், கண்ணாடியில் ஒட்டித் தட்டையாகக் கிடப்பதை மட்டுமே தெளிவாக எடுக்கும். நம்மிடம் வருபவையோ நனைந்து நெளிந்தவை, பிரேம் கண்ணாடியோடு ஒட்டியவை. ஒட்டிய படத்தை உரிக்கவே வேண்டாம். முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். அதற்கு சி.சி.டி. வகை ஸ்கேனர் வேண்டும்.

யு.பி.எஸ். இல்லாமல் தொடங்காதீர்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்சாரம் நின்றதை மறந்திருக்கமாட்டீர்கள். கடலோரத்தில் உப்புக்காற்று வேறு; நிலத்திலிருந்து உயர்த்தி வைத்து, மாரியில் தினமும் சற்று நேரமாவது ஓடவிடுங்கள். கழற்றித் திருத்தலாம் என்பதால்தான் மடிக்கணனியைவிட மேசைக்கணனியைச் சொல்கிறோம்.

வருமானக் கணக்கில் ஒன்று. தேசிய அடையாள அட்டைக்கான படத்தை ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிவுபெற்ற ஸ்டூடியோக்களே எடுக்கலாம். பதிவு கிடைக்குமுன் அந்த வரவைக் கணக்கில் சேர்க்கவேண்டாம். நினைவு மலர், கலியாணப் படப் பெருப்பித்தல் ஆகியவற்றை நம்பித் தொடங்கலாம்.

இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் மங்கிய முகத்தை நொடியில் தெளிவாக்குகின்றன. எமக்கு இதில் பயம் உண்டு. அழிந்துபோன கண்ணை அது கண்டுபிடிப்பதில்லை, புதிதாக ஒன்றை வரைகிறது. காணாமல் போன பிள்ளையின் படத்தை அலுவலகத்தில் கொடுக்க வரும் தாய்க்கு, வேறொருவனின் கண்ணோடு படம் கொடுக்கலாமா? எனவே முதல் ஸ்கேனைத் தொடாமல் தனியே வையுங்கள். திருத்தம் எல்லாம் பிரதியில்.

அந்த மூலப்பிரதிகளை இரண்டு வெளித்தட்டுகளில் ஏற்றி, ஒன்றை வேறோர் ஊரிலுள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். மற்றது சட்டைப்பையளவுதான். காணி உறுதி இருக்கும் பையிலேயே அதையும் போட்டு வையுங்கள்.