சொட்டுற இடம் வேற, கசியுற இடம் வேற

இந்த எபிசோடுல எழுபதுகளின் அமெரிக்க கார்களுக்குப் போறோம். நோவா, கமாரோ, ஷெவெல் மாதிரி ஷெவர்லே வண்டிகள் பலவற்றில் இருந்தது டர்போ ஹைட்ராமேட்டிக் 350 என்ற மூன்று கியர் ஆட்டோமேட்டிக். ஜெனரல் மோட்டார்ஸ் 1969 மாடல்களில் இதைக் கொண்டு வந்தது. உழைப்பாளி கியர்பாக்ஸ்தான். ஆனா ரப்பர் சீலுக்கு ஐம்பது வயசு ஆனா கசியத்தான் செய்யும்.

தரையில சிவப்பா ஒரு வட்டம் பார்த்ததும் பல ஒர்க்‌ஷாப்பில் சொல்றது, "கியர்பாக்ஸை இறக்கணும்." பெரிய செலவு. சில பேர் அதோட வண்டியையே வித்துடறாங்க. ஆனா இறக்காமலேயே சரிசெய்யக்கூடிய கசிவுகள்தான் இதில் நிறைய. அதனால எங்கே கசியுதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் பாதி வேலை.

முதல்ல நிறம். எஞ்சின் ஆயில் பழுப்பா, கறுப்பா இருக்கும். கியர்பாக்ஸ் ஆயில் சிவப்பு. ஆனா பவர் ஸ்டீயரிங் ஆயிலும் சிவப்பா இருக்கலாம், அதையும் ஒரு தடவை பாருங்க. கருகின வாசனையோட பழுப்பா இருந்தா உள்ளே கிளட்ச் தேஞ்சிருக்குன்னு அர்த்தம். அது வேற கதை.

அடுத்து, அடிப்பக்கம் முழுக்க டிகிரீசர் போட்டுக் கழுவித் துடைங்க. கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து டார்ச் அடிச்சுப் பாருங்க. ஆயில் கீழே வழியும், ஓடும்போது காற்று அதைப் பின்னால தள்ளும். அதனால ஈரம் இருக்கிற இடங்களில் எது மேலேயும் முன்னாலேயும் இருக்கோ, அங்கேதான் கசிவு ஆரம்பிக்குது.

சந்தேகப்பட வேண்டிய இடங்களை வரிசையா சொல்றேன். ஒண்ணு, அடியில இருக்கிற பேன். பதிமூணு போல்ட். கசியுதேன்னு இறுக்கிக்கிட்டே போனா தகடு போல்ட் ஓட்டையைச் சுத்தி வளைஞ்சு, கசிவு இன்னும் கூடும். பேனைக் கழற்றி, விளிம்பைச் சமமான கட்டை மேல வச்சுத் தட்டி நேராக்கி, புது கேஸ்கெட் போட்டு, எதிரெதிர் போல்ட்டா கொஞ்சம் கொஞ்சமா, சுமார் 12 அடி-பவுண்டு அளவுக்கு இறுக்கினால் போதும்.

ரெண்டு, டிப்ஸ்டிக் குழாய் உள்ளே நுழையற இடமும் ஸ்பீடோமீட்டர் கேபிள் இணையற இடமும். ரெண்டுலயும் சின்ன ரப்பர் வளையம்தான். மூணு, பின்பக்க சீல். புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றி மாத்தலாம்.

நாலாவது சுவாரசியமானது. என் நண்பர் ஒருத்தர் அமெரிக்காவில் 1972 நோவா வச்சிருக்கார். தினமும் ஓட்டும்போது ஒரு சொட்டு கிடையாது, மூணு வாரம் நிறுத்தி வச்சா தரையெல்லாம் சிவப்பு. காரணம் இதுதான்: எஞ்சின் ஓடும்போது டார்க் கன்வெர்ட்டர் நிறைய ஆயில் இருக்கும். நிறுத்தி வச்சா அது மெதுவா பேனுக்கு இறங்கும். மட்டம் கியர் லீவர் ஷாஃப்ட் வரைக்கும் ஏறும், அங்கே காய்ஞ்சுபோன சீல் வழியா வெளியே வரும். பேனைக் கழற்றி அந்த ஷாஃப்டை உருவி சீலை மட்டும் மாத்தினோம். நுணுக்கமான வேலை, ஆனா கியர்பாக்ஸ் இறங்கவில்லை. வண்டியும் அவர்கிட்டேயே இருக்கு.

தரையில ஒரு சொட்டும் இல்லை, ஆனா ஆயில் குறையுது, சைலன்சரில் வெள்ளைப் புகை, கியரும் லேட்டா விழுதுன்னா வேக்யூம் மாடுலேட்டரைப் பாருங்க. அதில் இருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றுங்க. உள்ளே சிவப்பு ஆயில் இருந்தா டயஃப்ரம் கிழிஞ்சிருக்கு, எஞ்சின் ஆயிலைக் குடிச்சுக்கிட்டிருக்கு. ஒரே ஒரு போல்ட்தான், மாத்திடலாம்.

உண்மையாவே கியர்பாக்ஸ் இறங்க வேண்டியது, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுஸிங்கில் இருந்து சிவப்பு ஆயில் சொட்டும்போதுதான். அது முன்பக்க பம்ப் பகுதி. கறுப்பா வந்தா எஞ்சினோட பின் சீல்.

கசிவை அடைக்கும் திரவங்களை ஊத்தலாமான்னு கேப்பீங்க. அவை ரப்பரை ஊதவைக்கும், கொஞ்ச நாள் நிற்கும். கிழிஞ்ச கேஸ்கெட்டை ஒட்டாது. நான் ஊத்த மாட்டேன்.

ஆயில் ஊத்தும்போது முதல்ல ரெண்டு லிட்டர் மட்டும். அப்புறம் சமதளத்தில், எஞ்சின் சூடாகி, பார்க்கில் ஓடிக்கிட்டிருக்கும்போது டிப்ஸ்டிக் பார்த்து கொஞ்சம் கொஞ்சமா சேருங்க. அதிகமானா நுரைச்சு, காற்றுத் துளை வழியா வெளியே வரும். அதையும் கசிவுன்னு தேடிக்கிட்டிருப்பீங்க.

கடைசியா ரெண்டு விஷயம். வெறும் ஜாக்கை நம்பி யாரும் வண்டிக்கு அடியில போகாதீங்க. ஸ்டாண்ட் வைங்க, சக்கரத்துக்குக் கட்டை போடுங்க. சூடான சைலன்சர் குழாய் மேல ஆயில் சொட்டினால் தீப்பிடிக்கும். அப்படிச் சொட்டுதுன்னா சரிசெய்யற வரைக்கும் வண்டியை எடுக்காதீங்க. அடுத்த எபிசோடுல கார்புரேட்டர்.